விண்ணை அளந்த விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து முன்னிரவு ஒன்றில், மாணவர் சிலரை ஊருக்கு அப்பாலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மழைக்காலம் ஓய்ந்து வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. நம் பஞ்சாங்கம் பூரட்டாதி என்றும் உத்திரட்டாதி என்றும் கூறும் விண்மீன்கள் நான்கு சேர்ந்து வானில் பெரியதொரு சதுரமாய் விளங்குவதை அவர்களுக்குக் காட்டினேன். அச்சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து விண்மீன்களின் வரிசை ஒன்று நீள்கிறது. அதன் இடையிலிருந்து சற்றே வடக்கு நோக்கிக் கண்ணைச் செலுத்தினால், ஊதிய திரியின் புகைபோல் மங்கலான ஒரு சிறு திட்டுத் தென்படும். "அதுதான் ஆண்ட்ரோமீடா. அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன," என்றேன்.

மாணவர்கள் வியந்தனர். ஒருவன் மட்டும் வியக்கவில்லை. "ஐயா, அங்கே போய் நூல் பிடித்து அளந்தவர் யார்?" என்று கேட்டான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. வானநூலைப் பற்றிப் பேசுவோர் கோடிகளை அள்ளி வீசுகிறோம். அவை எவ்வாறு கிடைத்தன என்று சொல்வதில்லை. அன்று ஏரிக்கரையில் அவனுக்கு நான் கூறிய விடையைச் சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அந்த மங்கலான திட்டு மனிதர் கண்ணுக்குப் புதியதன்று. பாரசீக நாட்டு வானநூலார் அல் சூஃபி, 964-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் அதனை ஒரு சிறு மேகம் என்று குறித்துவைத்தார். 1612-இல் ஜெர்மானியராகிய சைமன் மாரியஸ் தொலைநோக்கி வழியாக அதைப் பார்த்தார். அதற்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் கலிலியோ, பால்வீதி என்னும் வெண்பட்டை எண்ணற்ற விண்மீன்களின் தொகுதி என்பதைத் தொலைநோக்கியால் கண்டு, 1610-இல் உலகுக்கு அறிவித்திருந்தார். ஆனால் ஆண்ட்ரோமீடாவின் புகைத்திட்டு அவ்வாறு தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரியவில்லை. இத்தகைய திட்டுகளுக்கு 'நெபுலா' என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் மூடுபனி அல்லது மேகம் என்பது அதன் பொருள்.

இந்த நெபுலாக்கள் யாவை? 1755-இல் ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். நம் பால்வீதியைப் போன்ற விண்மீன் மண்டலங்கள் வேறு பலவும் இருக்கலாம். நெடுந்தொலைவில் இருப்பதால் அவை புகைபோல் தோன்றலாம் என்றார் அவர். கடலிலே தீவுகள் தனித்தனியே கிடப்பதுபோல் வெளியிலே அண்டங்கள் கிடக்கின்றன என்னும் இக்கொள்கைக்குப் பிற்காலத்தில் 'தீவு அண்டக் கொள்கை' என்ற பெயர் வழங்கலாயிற்று. கொள்கை அழகியதே, ஆயினும் அதற்குச் சான்று வேண்டும். சான்றுக்கோ தொலைவு தெரிய வேண்டும். மாபெரும் வானநூலார் வில்லியம் ஹெர்ஷல்கூட, சிரியஸ் விண்மீனின் தொலைவைப்போல் 2,000 மடங்குக்குமேல் ஆண்ட்ரோமீடாவின் தொலைவு இராது என்று 1785-இல் ஊகமாகவே கூற முடிந்தது. சிரியஸின் தொலைவே அப்போது யாருக்கும் திட்டமாகத் தெரியாது!

தொலைவை அளக்கும் முதற் படியை ஏறியவர் பெஸ்ஸல் என்னும் ஜெர்மானியர். உங்கள் சுட்டுவிரலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரல் எட்டச் செல்லச் செல்ல அந்த மாற்றம் குறையும். பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் இரு எல்லைகளையும் இரு கண்களாகக் கொண்டு ஒரு விண்மீனை ஆறு மாத இடைவெளியில் நோக்கினால், அதுவும் இவ்வாறே மிகச் சிறிது இடம் மாறித் தோன்றும். இந்த இடமாறு தோற்றத்தை 1838-இல் பெஸ்ஸல் அன்னப்பறவைக் கூட்டத்திலுள்ள 61 என்னும் எண்ணுடைய விண்மீனில் அளந்தார். அதன் தொலைவு ஏறக்குறைய 11 ஒளியாண்டு. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது; ஓராண்டில் அது கடக்கும் தொலைவு சுமார் 9½ லட்சம் கோடி கிலோமீட்டர். அதுவே ஓர் ஒளியாண்டு. ஆனால் பூமியில் இருந்துகொண்டு இம்முறையால் அளக்கக்கூடிய எல்லை சில நூறு ஒளியாண்டுகளே. அதற்கு அப்பால் விரல் அசைவதே தெரியாது.

இனி வேறு வழி என்ன? ஒளியையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஒரே ஆற்றலுள்ள இரு விளக்குகளில் ஒன்றை இரண்டு மடங்கு தொலைவில் வைத்தால், அது நான்கில் ஒரு பங்கு ஒளியுடன் தோன்றும். மூன்று மடங்கு தொலைவில் வைத்தால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே ஒரு விளக்கின் உண்மை ஆற்றல் தெரியுமானால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு விடலாம். இதற்கு முதலில் விண்மீன்களின் ஒளியைத் துல்லியமாகக் குறிக்கும் முறை ஒன்று வேண்டும். பண்டைய கிரேக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஆறு தரங்களாகப் பிரித்திருந்தனர். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே ஒளி சரியாக 100 மடங்கு வேறுபடுவதாகக் கொள்ளலாம் என்று 1856-இல் ஆங்கில வானநூலார் நார்மன் போக்ஸன் கூறிய முறையே இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது.

இந்தப் போக்ஸன் நமக்கு அந்நியர் அல்லர். 1861-இல் அவர் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக வந்து, 1891-இல் மறையும் வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். அவருக்குத் துணையாயிருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். அவர் 1867-இல் தென் வானத்திலுள்ள ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். இவ்வாறு ஒளி மாறும் விண்மீன்களுக்கு மாறொளி விண்மீன்கள் என்று பெயர். நம் கதையின் திறவுகோல் இத்தகைய விண்மீன் இனம் ஒன்றிலேதான் இருக்கிறது.

1784-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்னும் இளைஞர், செபியஸ் கூட்டத்திலுள்ள ஒரு விண்மீன் ஐந்தே கால் நாளுக்குச் சற்று அதிகமான கால அளவில் பெருகியும் மங்கியும் வருவதைக் கண்டார். குட்ரிக் காது கேளாதவர். இருபத்தொன்றாம் வயதிலேயே மறைந்தவர். அவர் கண்ட விண்மீனின் பெயரால், அதே பாங்கில் ஒளி மாறும் விண்மீன்களைச் செபீடுகள் என்று அழைக்கின்றனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செபீடுகள் வெறும் விந்தையாகவே இருந்தன. அவற்றின் பயனை உலகுக்குக் காட்டியவர், செவிப்புலன் குறைந்த மற்றொருவர். அவர் பெயர் ஹென்ரியட்டா ஸ்வான் லெவிட்.

லெவிட் அம்மையார் 1868-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 1892-இல் கல்லூரிப் படிப்பை முடித்தபின், 1895-இல் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் ஊதியம் பெறாத தொண்டராகச் சேர்ந்தார். அங்கே தலைவராயிருந்த எட்வர்டு பிக்கரிங், வானத்தின் புகைப்படங்களை ஆராய்ந்து கணக்கிடுவதற்குப் பெண்கள் பலரை அமர்த்தியிருந்தார். அவர்களுக்குக் 'கணிப்பவர்' என்று பெயர். இரவில் தொலைநோக்கியின் முன் அமர்ந்து வானை நோக்கும் வேலை ஆண்களுக்கு உரியதாயிருந்தது. பகலில் மேசையின் முன் அமர்ந்து கண்ணாடித் தகடுகளை நோக்கும் வேலை பெண்களுக்கு. லெவிட் அம்மையாருக்குப் பின்னர் வழங்கப்பட்ட ஊதியம் மணிக்கு 30 சென்ட்.

ஹார்வர்டு நிலையம் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் அரெகிப்பா என்னும் இடத்தில் ஒரு கிளை வைத்திருந்தது. அங்கிருந்து தென் வானத்தைப் படமெடுத்த தகடுகள் கப்பலேறி ஹார்வர்டுக்கு வந்து சேரும். தென் வானத்திலே மகெல்லன் மேகங்கள் என்று இரு வெண்திட்டுகள் உண்டு. அம்மையார் செய்த வேலை இதுதான்: ஒரு நாள் எடுத்த தகட்டின் மீது வேறொரு நாள் எடுத்த தகட்டின் எதிர்ப்படியைப் பொருத்திவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டிலும் ஒத்திராத புள்ளி எதுவோ அது மாறொளி விண்மீன். ஊசிமுனைபோன்ற ஆயிரமாயிரம் புள்ளிகள்! இவ்வாறு மகெல்லன் மேகங்களில் மட்டும் 1,777 மாறொளி விண்மீன்களைக் கண்டு 1908-இல் பட்டியல் வெளியிட்டார். அந்தப் பட்டியலின் நடுவே ஒரு குறிப்பு இருந்தது. கால அளவு கணக்கிடப்பட்ட பதினாறு விண்மீன்களில், ஒளி மிகுந்தவற்றுக்குக் கால அளவும் நீண்டிருக்கிறது என்பதே அது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1912 மார்ச் 3-ஆம் நாள், சிறிய மகெல்லன் மேகத்திலுள்ள 25 விண்மீன்களைக் கொண்டு அம்மையார் அதனை உறுதி செய்தார். குறுகிய கால அளவு ஒன்றேகால் நாள். நீண்டது 127 நாள். இரண்டிற்கும் இடையே எல்லா விண்மீன்களும் ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தன. அந்த அறிக்கையின் கீழே கையொப்பமிட்டவர் பிக்கரிங். இதனைத் தயாரித்தவர் லெவிட் என்பதை அறிக்கையின் தொடக்க வாக்கியம் ஒப்புக்கொள்கிறது.

இதன் பெருமையை எளிதில் உணர ஓர் உவமை கூறுகிறேன். தொலைவிலே ஒரு மலையின் மேல் ஒரு சிற்றூர் இருக்கிறது. கார்த்திகைத் திருநாளன்று அவ்வூரார் வீடுதோறும் விளக்கு ஏற்றுகின்றனர். நாம் பத்துக் கல் தொலைவிலிருந்து பார்க்கிறோம். அவ்விளக்குகள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில்தான் உள்ளன. ஆகவே பெரிதாகத் தெரிவது உண்மையிலேயே பெரிய விளக்கு. சிறிதாகத் தெரிவது உண்மையிலேயே சிறிய அகல். சிறிய மகெல்லன் மேகம் அத்தகைய மலையூர். அதிலுள்ள செபீடுகளில் மெதுவாகத் துடிப்பது உண்மையிலேயே பேரொளி உடையது. விரைந்து துடிப்பது ஒளி குறைந்தது. எனவே வானில் எங்கே ஒரு செபீடைக் கண்டாலும், அதன் துடிப்புக் காலத்தை எண்ணினால் போதும். அதன் உண்மை ஒளி தெரிந்துவிடும். உண்மை ஒளி தெரிந்தால் தொலைவும் தெரிந்துவிடும். கலங்கரை விளக்கம் ஒவ்வொன்றும் தான் மின்னும் கால அளவாலேயே தன் ஆற்றலை மாலுமிக்குச் சொல்லிவிடுமானால் எப்படியோ, அப்படி.

ஏன் இவை துடிக்கின்றன என்பதும் பிற்காலத்தில் விளங்கிற்று. அவ்விண்மீன்களின் மேற்பகுதியிலுள்ள ஹீலியம் அடுக்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கிறது. தேங்கிய வெப்பம் விண்மீனை விரியச் செய்கிறது. விரிந்தபின் வெப்பம் வெளியேற, விண்மீன் மீண்டும் சுருங்குகிறது. கொதிக்கும் பானையின் மூடி எழுந்து எழுந்து அமர்வதுபோல் இது நடைபெறுகிறது. பெரிய பானை மெதுவாக மூச்சு விடுகிறது; சிறிய பானை விரைந்து மூச்சு விடுகிறது.

அம்மையார் தம் விதியைக் கொண்டு தாமே அண்டத்தை அளக்கப் புகவில்லை. நிலையம் அவரிடம் ஒப்படைத்த பணி வேறு. வடதுருவத்தை ஒட்டிய 96 விண்மீன்களின் ஒளித்தரத்தைத் துல்லியமாக வரையறுக்கும் வேலை அது. அதை அவர் செம்மையாகச் செய்தார். அளவுகோலை மற்றவர்கள் எடுத்துக்கொண்டனர்.

முதலில் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர் ஹார்லோ ஷேப்லி. கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலையின் 60 அங்குலத் தொலைநோக்கியால், பந்துபோல் திரண்ட விண்மீன் கொத்துகளின் தொலைவை அவர் அளந்தார். அக்கொத்துகள் வானில் சமமாகப் பரவியிருக்கவில்லை. தனுசு ராசி இருக்கும் திசையில் அடர்ந்திருந்தன. ஆகவே பால்வீதியின் மையம் அத்திசையில் உள்ளது. நம் சூரியன் மையத்தில் இல்லை, ஓரத்தில் உள்ளது என்று 1918-இல் அவர் முடிவு கட்டினார். கோபர்னிக்கஸ் பூமியை நடுநாயகப் பதவியிலிருந்து இறக்கினார் என்றால், ஷேப்லி சூரியனை இறக்கினார். பால்வீதியின் அகலம் 3 லட்சம் ஒளியாண்டு என்பது அவர் கணக்கு. இவ்வளவு பெரிய மண்டலத்துக்கு வெளியே வேறொன்று எதற்கு என்று அவர் கருதினார். நெபுலாக்கள் யாவும் பால்வீதியைச் சார்ந்த சிறு புகைத்திரள்களே என்பது அவர் துணிபு.

இதனை மறுத்தவர் லிக் நிலையத்து ஹீபர் கர்ட்டிஸ். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் வாஷிங்டனில், தேசிய விஞ்ஞானக் கழகத்தின் முன் இருவரும் வாதிட்டனர். பால்வீதி அத்தனை பெரிதன்று. நெபுலாக்களில் தோன்றும் புது விண்மீன்கள் மிக மங்கலாயிருப்பதால் அவை நெடுந்தொலைவில் இருக்கவேண்டும். எனவே அவை தனித் தீவு அண்டங்களே என்றார் கர்ட்டிஸ். ஷேப்லியோ, 1885-இல் ஆண்ட்ரோமீடாவில் தோன்றிய ஒரு விண்மீனைச் சுட்டினார். அது வெறுங்கண்ணுக்கே தெரியும் நிலையை எட்டியது. அத்துணைத் தொலைவில் இருந்தால் அதன் ஒளி நம்பத் தகாத அளவு பெரிதாயிருக்க வேண்டுமே என்பது அவர் தடை. வான் மானன் என்னும் வானநூலார் சுருள் நெபுலாக்கள் சுழல்வதைத் தகடுகளில் அளந்ததாகக் கூறியிருந்ததையும் அவர் துணைக்கு அழைத்தார். சில ஆண்டுகளிலேயே சுழற்சி கண்ணுக்குப் புலப்படுமானால் நெபுலா அருகில்தானே இருக்கவேண்டும்?

சபையில் வெற்றி தோல்வி முடிவாகவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது இருவரும் பாதி சரி, பாதி தவறு என்பது தெரிகிறது. சூரியன் ஓரத்தில் இருப்பது பற்றி ஷேப்லி சரி. நெபுலாக்களைப் பற்றிக் கர்ட்டிஸ் சரி. பால்வீதியின் அகலத்தில் ஒருவர் மிகையாகவும் மற்றவர் குறையாகவும் கூறினர். வான் மானனின் அளவைகள் பிழையானவை. 1885-இல் தோன்றியதோ, ஒரு விண்மீன் முழுதும் வெடித்துச் சிதறும் மாபெரும் நிகழ்ச்சி. அப்படி ஒன்று உண்டென்று 1920-இல் எவரும் அறியார்.

வாதத்தால் தீராத வழக்கைத் தீர்த்தது ஒரு கண்ணாடித் தகடு. வில்சன் மலையில் 1917 முதல் 100 அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கி இயங்கிவந்தது. 1919-இல் அங்கே வந்து சேர்ந்தவர் எட்வின் ஹபிள். 1923 அக்டோபர் 5-ஆம் நாள் இரவு அவர் ஆண்ட்ரோமீடாவை முக்கால் மணி நேரம் படமெடுத்தார். தகட்டிலே மூன்று புதிய புள்ளிகளைக் கண்டு, புது விண்மீன் என்பதற்கு அறிகுறியாக ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'என்' என்னும் எழுத்தை மையால் இட்டார். பின்னர் முந்தைய ஆண்டுகளின் தகடுகளை எடுத்து ஒப்பிட்டார். மூன்றில் ஒன்று புதிதாய்த் தோன்றியதன்று. பெருகுவதும் மங்குவதுமாய் முன்பும் அங்கே இருந்தது! அந்த எழுத்தை அடித்துவிட்டு, மாறொளி விண்மீன் என்பதன் சுருக்கத்தை எழுதி, ஓர் ஆச்சரியக் குறியும் இட்டார். அந்தத் தகடும் அதன்மீதுள்ள மைக்குறியும் இன்றும் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

அது ஒரு செபீடு. அதன் கால அளவு 31 நாட்களுக்குச் சற்று அதிகம். லெவிட் விதியின்படி அது சூரியனைப்போல் பல ஆயிரம் மடங்கு ஒளியுடையது. ஆனால் தகட்டிலோ வெறுங்கண்ணால் காணமுடியாத மங்கலான புள்ளி. கணக்கிட்டபோது தொலைவு ஒன்பது லட்சம் ஒளியாண்டுக்குமேல் வந்தது. ஷேப்லி கூறிய மிகப் பெரிய பால்வீதியைக்கூட மும்மடங்கு கடந்த தொலைவு! ஆண்ட்ரோமீடா நமக்கு வெளியே உள்ள மற்றொரு விண்மீன் மண்டலம் என்பதில் ஐயமில்லை.

1924 பிப்ரவரியில் ஹபிள் இதை ஷேப்லிக்குக் கடிதமாக எழுதினார். ஷேப்லி அப்போது ஹார்வர்டு நிலையத்தின் தலைவராயிருந்தார். கடிதம் வந்தபோது உடனிருந்த ஆராய்ச்சி மாணவி செசிலியா பெய்ன் அந்நிகழ்ச்சியைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தம் பிரபஞ்சத்தை அழித்த கடிதம் இதுவே என்று சொல்லி ஷேப்லி அதை அவரிடம் நீட்டினாராம். தம் வாழ்நாள் நம்பிக்கை ஒரு தாளில் தகர்ந்ததை மறைக்காமல் ஒரு மாணவியிடம் காட்டிய அப்பெருந்தன்மையை எண்ணிப் பார்க்கிறேன். 1925 ஜனவரி 1-ஆம் நாள் வாஷிங்டனில் ஹபிளின் கட்டுரை படிக்கப்பட்டது. ஹபிள் அங்கே வரவில்லை. அவர் சார்பில் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் படித்தார்.

லெவிட் அம்மையாரும் அதைக் கேட்க இல்லை. 1921 டிசம்பர் 12-ஆம் நாள் புற்றுநோயால் அவர் காலமானார். 1925-இல் ஸ்வீடன் நாட்டுக் கணித மேதை மிட்டாக் லெஃப்லர், நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பி அவருக்கே கடிதம் எழுதினார். கடிதத்தைப் படிக்க அவர் இல்லை. மறைந்தவர்க்கு அப்பரிசை முன்மொழிய விதியும் இல்லை.

கதை இங்கே முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். நான் ஏரிக்கரையில் கூறிய தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு. ஹபிள் கண்டதோ ஒன்பது லட்சத்துக்குச் சற்று அதிகம். இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது?

1929-இல் ஹபிள், விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்துடன் நம்மை விட்டு விலகுவதைக் காட்டினார். வேகங்களில் பெரும்பாலானவற்றை முன்பே வெஸ்ட்டோ ஸ்லைபர் அளந்திருந்தார். விலகும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், அண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. ஆனால் பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை என்று கதிரியக்கச் சான்று கூறிற்று. தாயைவிட மகள் மூத்தவளாக இருக்கமுடியுமா? எங்கோ பிழை இருந்தது.

பிழையைக் கண்டவர் வால்ட்டர் பாடே. அவர் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பகைநாட்டவராகக் கருதப்பட்டதால், அவருக்குப் போர்ப்பணி அளிக்கப்படவில்லை. வில்சன் மலையிலேயே தங்கி வானை நோக்கினார். போர்க்கால இருட்டடிப்பால் அடிவாரத்திலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் மங்கியிருந்தன. அந்த இருளின் உதவியால் ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காண அவரால் முடிந்தது. விண்மீன்களில் இளையவை, முதியவை என இரு குலங்கள் உண்டு. செபீடுகளிலும் அவ்வாறே இரு வகை உண்டு என்பது தெளிவாயிற்று. இரண்டு வகைக்கும் ஒரே அளவுகோலை அதுவரை பயன்படுத்தி வந்தனர்! 1952-இல் ரோம் நகரில் கூடிய வானநூலார் பேரவையில் பாடே இதனை அறிவித்தார். ஹபிள் கண்ட வகைச் செபீடுகள், எண்ணியதைவிட நான்கு மடங்கு ஒளியுடையவை. ஒளி நான்கு மடங்கானால் தொலைவு இரண்டு மடங்கு என்பதை முன்பே கூறினேன் அல்லவா? ஒரே நாளில் அண்டம் இருமடங்கு பெரிதாயிற்று. அதன் வயதும் இருமடங்காயிற்று. பிற்காலத் திருத்தங்களும் சேர, இன்று ஆண்ட்ரோமீடாவின் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு என்றும், அண்டத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு என்றும் கொள்கிறோம்.

1990-இல் வான்வெளியில் ஏவப்பட்ட தொலைநோக்கிக்கு ஹபிளின் பெயரையே இட்டனர். 2010-ஆம் ஆண்டு, உலகின் பல பகுதிகளிலுள்ள பொழுதுபோக்கு வானநோக்காளர்கள் ஹபிள் கண்ட அதே செபீடை மாதக்கணக்கில் நோக்கி, அது எப்போது பெருகும், எப்போது மங்கும் என்று கணித்துக் கொடுத்தனர். அக்கணிப்பைத் துணைக்கொண்டு அத்தொலைநோக்கி அவ்விண்மீனைப் படமெடுத்தது. 2013-இல் ஐரோப்பியர் ஏவி 2025 வரை விண்ணை அளந்த காயா என்னும் கருவி, நம் மண்டலத்துச் செபீடுகளின் தொலைவைப் பெஸ்ஸலின் இடமாறு தோற்ற முறையாலேயே அளந்து, அளவுகோலைச் செம்மைப்படுத்தியது. ஆயினும் அண்டம் விரியும் வேகத்தைச் செபீடுகள் வழியாகக் காணும்போது ஒரு விடையும், தொல்பழங்கால ஒளியின் எச்சத்தைக் கொண்டு காணும்போது சற்றே குறைந்த வேறொரு விடையும் கிடைக்கின்றன. தாயும் மகளும் பற்றிய பழைய வழக்கு ஒருவாறு தீர்ந்தது. புதிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. இதைத் தீர்ப்பவர் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம். நம் தமிழ்நாட்டிலே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் ஆடியுடைய வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருந்துவருகிறது என்பதையும் மறவாதீர்கள்.

அன்று ஏரிக்கரையில் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. நூல் பிடித்தவர் ஒருவர் அல்லர் என்று மட்டும் அம்மாணவனுக்குச் சொன்னேன். நூலின் ஒரு முனை பெஸ்ஸல் கையில் இருந்தது. போக்ஸன் அதில் முடிச்சுகள் இட்டார். லெவிட் அம்மையார் அதை நீளச் செய்தார். ஹபிள் மறு முனையை ஆண்ட்ரோமீடாவில் கட்டினார். முடிச்சு தவறியிருந்த இடத்தைப் பாடே அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவர்களில் ஒருவரும் தம் இடத்தை விட்டு விண்ணுக்குப் போகவில்லை. பொறுமையாகப் பார்த்தனர், பார்த்ததை எழுதினர், பிழையென்று தெரிந்தபோது ஒப்புக்கொண்டனர்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு என் கையிலிருந்த இருகண் தொலைநோக்கியை வாங்கி, மீண்டும் அந்தப் புகைத்திட்டை நோக்கினான். அவன் கண்ணில் விழுந்த ஒளி, மனித இனம் இன்றைய வடிவை அடைவதற்கு மிக முன்னரே புறப்பட்ட ஒளி. வரும் மார்கழியில், நிலவில்லாத ஓர் இரவில், நகர விளக்குகளை விட்டு விலகிச் சென்று நீங்களும் பாருங்கள்.